பல்லும் பனி ஏரியும்

வட ஆப்பிரிக்காவின் ஊத்திக்கா கடற்கரையில் தாம் கண்ட ஒரு கடைவாய்ப் பல்லைப் பற்றிப் புனித அகுஸ்தினார் 'கடவுளின் நகர்' என்னும் நூலில் குறிப்பிடுகிறார். நம் பல்லின் அளவுக்கு அதை அறுத்தால் நூறு பற்கள் தேறுமாம்! பண்டைய அரக்கர் ஒருவரின் பல் அது என்று அவர் கருதினார். யானை இனத்தின் பல்லாயிருக்கலாம் என்பர் இன்றைய அறிஞர். மண்ணுள் பேரெலும்பைக் கண்டதும் அரக்கரையும் நோவாவின் வெள்ளத்தையும் நினைப்பது நம் முன்னோர்க்கு இயல்பாயிருந்தது.

அந்நினைவே பின்னாளில் ஓர் உண்மைக்கு எதிராக நின்றதுதான் விந்தை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதி, மேல்மண் வழித்தெடுக்கப்பட்ட எரிமலைப் பாறைநிலம். அங்கே 'உலர் அருவி' என்றோர் இடமுண்டு. ஐந்தரை கிலோமீட்டர் அகலம், 120 மீட்டர் உயரம். வீழ்வதற்கு நீர்தான் இல்லை. மாபெரும் வெள்ளமொன்றே இதைச் செதுக்கியது என்று 1923இல் எழுதினார் ஜே ஹார்லன் பிரெட்ஸ். நிலவியலாரோ, விவிலிய வெள்ளத்தைக் கொண்டு யாவற்றையும் விளக்கும் பழக்கத்தினின்று அரும்பாடுபட்டு விடுபட்டிருந்தவர்கள். 1927இல் வாஷிங்டன் நகரில் கூடி அவரை மறுத்தனர். இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு அவரிடமும் உறுதியான விடையில்லை.

விடை மொன்டானாவில் இருந்தது. பனிப்பாறையின் நாக்கொன்று ஆற்றை மறித்து, அணையருகே ஏறத்தாழ 600 மீட்டர் ஆழமுள்ள மிசூலா ஏரியைத் தேக்கியிருந்தது. பனியணை உடைந்தபோது ஏரி சில நாள்களிலேயே வடிந்தது. ஆற்று மணலில் நாம் விரலளவில் காணும் அலைவரிகள் அங்கே பத்து மீட்டர் உயரம் வரை நிற்பதை 1942இல் பார்டி என்பவர் வெளியிட்டார். 18,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன், அணை மீண்டும் மீண்டும் உருவாகிப் பல பத்து முறை உடைந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

வல்லூலா என்னும் குறுகிய கணவாயில் நீர் முட்டிப் பின்தேங்கியது. ஒவ்வொரு வெள்ளமும் ஒரு படலம் வண்டலை விட்டுச் சென்றது. அவ்வண்டலுள், கென்னவிக் நகரருகே, 1999இல் ஒரு மாமத யானையின் எலும்புகள் தென்பட்டன. வயது ஏறத்தாழ 17,000 ஆண்டுகள்.

இதை நோவாவின் வெள்ளத்துக்குச் சான்றாக்க நம்மில் சிலர்க்கு ஆசை எழலாம், அது தவறு. இயற்கையைப் பற்றி அறியாமல் பேசி மறைநூலை நகைப்புக்கிடமாக்காதீர் என்று எச்சரித்தவரும் அதே அகுஸ்தினாரே. ஆனால் விவிலியத்தின் சாயலுக்கு அஞ்சிப் பாறையின் சாட்சியைக் கேளாதிருந்ததும் மூடநம்பிக்கைதானே?

பிரெட்ஸுக்கு 1979இல் நிலவியலின் உயரிய பென்ரோஸ் பதக்கம் கிடைத்தது. தொண்ணூறைக் கடந்திருந்த அவர், தம்மை எதிர்த்தவர்கள் யாவரும் இறந்துவிட்டதால் பெருமையடித்துக்கொள்ள ஆளில்லை என்று மகனிடம் குறைப்பட்டாராம்.