கயிற்றுக் கூடையும் மூங்கில் வண்டியும்

‘முடிந்தவர் போடுங்கள், முடியாதவர் எடுத்துக்கொள்ளுங்கள்.’ 2020 மார்ச் கடைசியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், சாந்தா கியாரா தெருவில், மாடியிலிருந்து கயிற்றில் தொங்கிய ஒரு கூடையோடு இப்படி ஓர் அறிவிப்பும் இருந்தது. ‘இயன்ற அளவு கொடுங்கள், தேவையான அளவு எடுங்கள்.’ இது 2021 ஏப்ரல் 14 அன்று பிலிப்பைன்ஸின் கெசோன் நகரத்தில், மகின்ஹாவா தெருவோரம் நிறுத்தப்பட்ட மூங்கில் வண்டியில் கண்ட அட்டை. இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லர். முதலாவதைத் தேடிக்கொண்டு கேமராக்காரர்கள் வந்தார்கள். இரண்டாவதைத் தேடிக்கொண்டு போலீஸ் வந்தது. சொன்னது ஒன்றேதான் என்னும்போது வரவேற்பில் ஏன் இந்த வேறுபாடு?

நேப்பிள்ஸின் பழைய வீடுகள் நான்கைந்து மாடி உயரம். பலவற்றில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்கும் பாட்டி, படியிறங்கி வர மனமில்லாமல், கயிறு கட்டிய கூடையில் காசை வைத்துத் தெருவுக்கு இறக்குவாள். கடைக்காரர் ரொட்டியையும் மீதிச் சில்லறையையும் வைத்து அனுப்புவார். கீரைக்காரியைக் கூப்பிட்டு மாடியிலிருந்து கூடையை இறக்கும் நம் வீட்டுப் பழக்கமேதான். அங்கே அதற்குப் பெயர் பனாரோ. ஊரடங்கு வந்ததும் ஒரு தெருக்கலைஞர் அந்தக் கூடையை வேறு வேலைக்குத் திருப்பினார். மேலிருந்து நிரம்பி இறங்கியது; கீழே போகிறவர்களும் அதில் போட்டார்கள். பாஸ்தா பொட்டலம், தக்காளி டின், ரொட்டி, பழம். வேண்டியவர் எடுத்துக்கொண்டு நடந்தார்.

யாருக்கு வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தெற்கு இத்தாலியில் கணக்கில் வராத கூலி வேலை ஏராளம். வேலை நின்றுபோனவருக்கு அரசு தரும் ஈட்டுத்தொகை, பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான். ஓட்டலில் தட்டு கழுவியவருக்கும் வீட்டு வேலைக்குப் போனவருக்கும் காட்டச் சீட்டு ஏதும் இல்லை. உணவுச் சீட்டுகளுக்காக நகராட்சிகளுக்கு 40 கோடி யூரோ தருவதாகப் பிரதமர் கோன்தே மார்ச் 28 அன்று அறிவித்தார். அதற்கு விண்ணப்பம் தேவைப்பட்டது. கூடைக்குத் தேவைப்படவில்லை.

கூடையின் வாசகத்துக்கு ஊரிலேயே ஒரு பூர்வீகம் உண்டு. ஜுசெப்பே மொஸ்காத்தி என்ற மருத்துவர் (1880–1927) தன் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு தொப்பியை வைத்து, உள்ளவர் போடட்டும், இல்லாதவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதி வைத்திருந்ததாகச் சொல்வார்கள். 1987-இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய கல்லறை இருப்பது ஜெசு நுவோவோ தேவாலயத்தில். சாந்தா கியாராவிலிருந்து எட்டிப்பார்த்தால் தெரியும் தூரம். ஆக, கூடை தொங்கிய அன்றைக்கே அதன் ஆசி தெருமுனையில் தயாராக இருந்தது. போதாததற்கு, காபிக் கடையில் இரண்டு காபிக்குக் காசு கொடுத்து ஒன்றை மட்டும் குடித்துவிட்டு, மற்றதை முகமறியாத யாருக்கோ விட்டுப்போகும் வழக்கமும் அந்த ஊருக்குச் சொந்தம்.

மகின்ஹாவா வண்டிக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை. தொற்று மறுபடி ஏறி, மணிலா வட்டாரம் 2021 மார்ச் 29 முதல் கடும் ஊரடங்கில் கிடந்த நேரம். சிறிதாக மரச்சாமான் தொழில் நடத்திவந்த 26 வயது அனா பட்ரீசியா நோன், வியாபாரம் படுத்துவிட்ட நிலையில், காய்கறி, அரிசி, டின் உணவு, முகக்கவசம் என்று கையில் இருந்ததை வண்டியில் அடுக்கித் தெருவோரம் வைத்தார். அரசு அப்போது கொடுத்தது தலைக்கு 1,000 பெசோ, குடும்பத்துக்கு அதிகபட்சம் 4,000. அதுவும் பட்டியலில் பெயர் வந்தால்.

பிறகு நடந்ததுதான் வியப்பு. சில நாட்களுக்குள் தார்லாக் மாகாண விவசாயிகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊர் ஊராக இதே மாதிரி மேசைகள் முளைத்தன. எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போனது. எடுக்க வந்தவர் மறுநாள் எதையோ போட வந்தார். நேப்பிள்ஸ் கூடை மாடி வீடுகளுக்கே உரியது, பால்கனியும் கயிறும் இல்லாமல் நடக்காது. மேசை எங்கும் கிடைக்கும்.

அந்த வாரத்திலேயே காவலர்கள் நோனிடம் வந்து தொலைபேசி எண் கேட்டார்கள். எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்றும் கேட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு ஆள் சேர்க்கும் வேலை இது என்று சமூக ஊடகத்தில் பதிவுகள் வந்தன. அவற்றில் ஒன்றைக் கெசோன் நகரக் காவல்துறையின் பக்கமே பகிர்ந்தது. ஆயுதக் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அமைந்த அரசுப் பணிக்குழுவின் பேச்சாளரான ஜெனரல் பார்லாடே, ஏவாளுக்குச் சாத்தான் ஆப்பிள் கொடுத்த கதையைச் சொல்லி நோனை அதோடு ஒப்பிட்டார். அந்த நாட்டில் இது வெறும் வசவு அல்ல. இப்படிக் கம்யூனிஸ்ட் என்று சிவப்பு முத்திரை விழுந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். உதவ வந்தவர்களின் உயிருக்குப் பயந்து ஏப்ரல் 20 அன்று நோன் வண்டியை மூடினார். மேயர் ஜாய் பெல்மோன்டே பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றதும் மறுநாள் நோன் அதைத் திறந்தார். இதில் ஒரு முரண்: 2020 மார்ச்சில் இதே அரசு தன் அவசரச் சட்டத்துக்குச் சூட்டிய பெயர் பாயானிஹான். அண்டை அயலார் கூடி ஒருவர் வீட்டையே மூங்கில் கழிகளில் தூக்கி இடம் மாற்றிக்கொடுக்கும் பழைய வழக்கத்தின் பெயர்.

சந்தேகத்துக்கு அட்டையின் வாசகமே காரணம் என்று சொன்னவர்கள் உண்டு. இயன்றதைக் கொடு, தேவையானதை எடு என்பது மார்க்ஸ் 1875-இல் எழுதியதை நினைவூட்டும். அதை மறுக்க முடியாது. ஆனால் அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்தளித்த வழக்கம் புதிய ஏற்பாட்டில், திருத்தூதர் பணிகள் நூலிலேயே இருக்கிறது. மொஸ்காத்தியின் தொப்பிக்கும் மார்க்ஸின் வரிக்கும் கொள்ளுப்பாட்டன் ஒருவரே. கத்தோலிக்க நாட்டு ஜெனரல் ஒருவர் பைபிளைத் துணைக்கு அழைத்தபோது ஆதியாகமத்தோடு நின்றுவிட்டார்.

உண்மையில் வாசகம் ஒரு சாக்குதான் என்பேன். கூடையைப் பார்த்தால் அரசின் குறை தெரியாது. ஊரின் அழகுதான் தெரியும். வண்டிக்காக விடியுமுன்னே வந்து நின்று, தெருமுனையைத் தாண்டி வளைந்துபோகும் வரிசையைப் பார்த்தால் அந்தக் குறை தெரியாமல் போகாது. அந்த ஆயிரம் பெசோ எங்கே போனது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, வரிசையே கேட்கிறது. நேப்பிள்ஸில் பத்தாயிரம் பேர் ஒரே கூடைக்கடியில் நின்றிருந்தால் ஆசி எவ்வளவு நாள் தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது.

வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கூடைக்குத்தான் என் ஓட்டு. மாடியில் இருப்பவர் முகம் கீழே தெரியாது. கீழே எடுப்பவரை யாரும் நிறுத்திவைத்துப் பார்ப்பதில்லை. நோய்க்காலத்தில் தேவையான இடைவெளியும் கயிற்றின் நீளத்திலேயே வந்துவிடுகிறது. வரிசைக்கு இந்த இரண்டும் இல்லை. 2021 ஏப்ரல் 23 அன்று நடிகை ஏஞ்சல் லாக்சின் தன் பிறந்தநாளுக்கு இதே மாதிரி ஒரு மேசை போட்டார். நட்சத்திரப் பெயருக்குக் கூட்டம் அலைமோதியது. வரிசையில் காத்திருந்த முதியவர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார். நடிகை மன்னிப்புக் கேட்டார். அக்கம்பக்கத்துக்கு என்று பிறந்த ஒன்று ஊருக்கே என்று ஆகும்போது வரும் ஆபத்து இது. ஆனால் வயிற்றுக் கணக்குப் போட்டால் வண்டிக்கு அருகில் கூடை நிற்க முடியாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆதாரம் கேட்காததில் இரண்டும் ஒன்று: அடையாள அட்டை இல்லை, பட்டியல் இல்லை, கொடுப்பவர் கைகுலுக்கும் போட்டோ இல்லை. இந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது வண்டியின் பக்கம்தான். பசிக் நகரில் ஒரு மேசையில் இருந்ததை, அடுக்கியிருந்த முட்டைத் தட்டுகள் உட்பட, சில பெண்கள் மொத்தமாக அள்ளிப்போனது காணொளியாகப் பரவியது. நாடே திட்டியது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்துத்தான் எடுத்தோம் என்றார்கள் அவர்கள் தரப்பில். அது உண்மையா, சமாளிப்பா என்று பட்டிமன்றம் நடந்தது. நேப்பிள்ஸில் இந்தச் சண்டைக்கு வழியே இல்லை. கூடையில் கொள்வதே நாலைந்து பொட்டலம்.