அடிமையாக வந்தவரின் திருநாள்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 17-ஆம் தேதி அயர்லாந்து தன் காவல் புனிதரான பேட்ரிக்கின் திருநாளைக் கொண்டாடுகிறது. டப்ளினில் தொடங்கி நியூயார்க், சிட்னி வரை பச்சை உடை அணிந்த கூட்டம் வீதிகளை நிரப்புகிறது. சிகாகோவில் ஓடும் ஆறே இந்நாளையொட்டிப் பச்சை நிறம் கொள்கிறது. செய்திப் படங்களில் இவற்றைக் காண்போருக்கு இது ஆடலும் பாடலும் மதுவும் நிறைந்த ஒரு களியாட்டமாகவே தோன்றும். ஆனால், யாருடைய பெயரால் இக்கொண்டாட்டம் நடைபெறுகிறதோ, அவர் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். அந்நாட்டுக்கு முதன்முதலில் அடிமையாகக் கடத்திக்கொண்டு வரப்பட்டவர். இத்திருநாள் இன்றைய வடிவத்தைப் பெற்றதிலும் அயர்லாந்தைவிட்டு வெளியேறியவர்களின் பங்கே பெரிது.

பேட்ரிக் வாழ்ந்தது கி.பி. 5-ஆம் நூற்றாண்டில். ரோமானியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பிரிட்டனில் வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை திருத்தொண்டர், பாட்டனார் குருவானவர். ஏறத்தாழ 16 வயதில் கடற்கொள்ளையர் அவரைப் பிடித்து அயர்லாந்துக்குக் கொண்டுசென்றனர். அங்கு ஆறு ஆண்டுகள் ஆடு மேய்க்கும் அடிமையாக இருந்தார். பனியிலும் மழையிலும் அவருக்குத் துணையாக இருந்தது இடைவிடாத இறைவேண்டல் மட்டுமே. பின்னர் தப்பிச் சென்று, நெடுந்தொலைவு நடந்து, கப்பலேறி ஊர் சேர்ந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, தம்மை அடிமைப்படுத்திய அதே நாட்டுக்கு ஆயராகத் தாமே விரும்பித் திரும்பினார். அயர்லாந்து மக்கள் தம்மை மீண்டும் வருமாறு அழைத்ததாகக் கனவு கண்டதே அதற்குக் காரணம் என்று அவர் எழுதியிருக்கிறார்.

அவர் லத்தீன் மொழியில் எழுதிய இரண்டு சிறு நூல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்று, தம் வாழ்வைப் பற்றிய ‘கன்ஃபெஸ்ஸியோ’ என்னும் அறிக்கை. மற்றொன்று, கொரோட்டிகஸ் என்னும் சிற்றரசனின் படைவீரர்களுக்கு எழுதிய கண்டனக் கடிதம். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தவர்களுள் சிலரைக் கொன்று, மற்றவர்களைப் பிடித்து விற்றவர்கள் அப்படைவீரர்கள். தாமும் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டே மனிதரை விற்றவர்களை அக்கடிதத்தில் பேட்ரிக் கடுமையாகச் சாடுகிறார். ‘கன்ஃபெஸ்ஸியோ’விலோ, அடிமைப்பட்ட பெண்களே எல்லோரிலும் அதிகம் துன்புறுகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். அடிமைத்தளையை உடலால் அறிந்த ஒருவரின் குரல் அது.

இன்று அவர் பெயருடன் இணைத்துப் பேசப்படும் இரண்டு கதைகள் அந்த நூல்களில் இல்லை. அயர்லாந்திலிருந்து பாம்புகளையெல்லாம் அவர் கடலுக்குள் விரட்டினார் என்பது ஒன்று. பனியூழி முடிந்த பின் அயர்லாந்தில் பாம்புகள் இருந்ததற்கான சான்றே இல்லை. தீவைச் சூழ்ந்த கடல் அவற்றின் வருகையைத் தடுத்துவிட்டது. ஒரே காம்பில் மூன்று இலைகள் கொண்ட ‘ஷாம்ராக்’ என்னும் சிறு செடியைக் காட்டி, தந்தை, மகன், தூய ஆவி என்னும் திரித்துவத்தை அவர் விளக்கினார் என்பது மற்றொன்று. இக்கதை எழுத்தில் இடம்பெறுவது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆயினும் கதைக்கு முன்பே ஷாம்ராக்கை அணியும் வழக்கம் மக்களிடம் இருந்தது. கையெட்டும் தூரத்தில் வயலோரம் கிடைக்கும் செடி அது. ஏழையும் செலவின்றிச் சூடிக்கொள்ளலாம்.

மார்ச் 17, பேட்ரிக் இறந்த நாளாக மரபில் கருதப்படுகிறது. வட அயர்லாந்தின் டவுன்பேட்ரிக் பேராலயத்தை ஒட்டிய இடம் அவருடைய கல்லறையாகப் போற்றப்படுகிறது. அவருடைய ஆயர்பீடம் இருந்ததாகக் கருதப்படும் ஆர்மா நகரில் எதிரெதிர்க் குன்றுகளில் இரண்டு பேராலயங்கள் நிற்கின்றன. ஒன்று கத்தோலிக்கர்களுடையது; மற்றொன்று அயர்லாந்துத் திருச்சபை என்னும் ஆங்கிலிக்கப் பிரிவினருடையது. இரண்டுக்கும் பெயர் புனித பேட்ரிக் பேராலயம் என்பதே. நூற்றாண்டுகளாகப் பகைத்து நின்ற இரு தரப்பும் உரிமை கொண்டாடும் பெயர் அது.

இத்திருநாள் தவக்காலத்தில் வருகிறது. இறைச்சியையும் மதுவையும் தவிர்த்து நோன்பிருக்கும் மக்களுக்கு அன்று ஒருநாள் மட்டும் தளர்வு கிடைத்தது. காலையில் திருப்பலி, பிறகு குடும்ப விருந்து. ஆண்கள் தொப்பியில் ஷாம்ராக்கைச் செருகிக்கொண்டனர். குழந்தைகள் வண்ணக் காகிதத்திலும் நாடாவிலும் செய்த சிலுவைகளை உடையில் குத்திக்கொண்டனர். நாள் முடிவில், அணிந்திருந்த ஷாம்ராக்கைக் கடைசிக் கோப்பையில் போட்டு நலம் வாழ்த்திப் பருகுவதும் வழக்கம். ‘ஷாம்ராக்கை மூழ்கடித்தல்’ என்று அதற்குப் பெயர். பேட்ரிக்கின் நினைவு இந்த ஒரு நாளோடு நின்றுவிடவில்லை. அவர் நாற்பது நாள் நோன்பிருந்ததாக நம்பப்படும் மேயோ மாவட்டத்து மலை ஒன்றில், ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் ஏறுகின்றனர். சரளைக் கற்கள் நிறைந்த, 764 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் வெறுங்காலுடன் ஏறுவோரும் உண்டு.

பச்சை நிறத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1783-இல் பிரிட்டிஷ் அரசு பேட்ரிக்கின் பெயரால் வீரர் விருது அணி ஒன்றை நிறுவியபோது அதற்குத் தேர்ந்த நிறம் நீலம். ஆங்கில ஆட்சிக்கு எதிராக 1798-இல் எழுந்த கிளர்ச்சியின்போது, ஐக்கிய அயர்லாந்தியர் இயக்கத்தினர் பச்சையைத் தம் நிறமாகக் கொண்டனர். அதன்பின் பச்சை அணிவதே ஓர் அரசியல் அறிக்கையாகிவிட்டது. ஆனால், அயர்லாந்து அரசின் சின்னம் ஷாம்ராக் அன்று, யாழ். கடவுச்சீட்டிலும் நாணயத்திலும் இருப்பது அதுவே.

ஊர்வலம் என்னும் வழக்கம் அயர்லாந்துக்கு வெளியில்தான் வளர்ந்தது. இன்று புளோரிடா எனப்படும் பகுதியில், ஸ்பானியரின் குடியேற்றமாக இருந்த செயின்ட் அகஸ்டீனில் 1601-இல் இத்தகைய ஊர்வலம் நடந்ததை ஸ்பானிய ஆவணங்கள் காட்டுகின்றன. பாஸ்டனில் 1737-இல் அயர்லாந்து வம்சாவளியினர் இந்நாளைக் கொண்டாடினர். நியூயார்க்கில் 1762-இல் பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய அயர்லாந்து வீரர்கள் அணிவகுத்தனர். தாய்நாட்டில் ஆளப்பட்டவர்கள், ஆண்டவர்களின் சீருடையில், கடல் கடந்த ஊரில் தம் புனிதரை நினைத்தனர்.

அந்தச் சிறு ஊர்வலங்களைப் பெருந்திரளாக்கியது ஒரு பேரழிவு. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளின் ஒரே உணவு அழிந்தபோதும் தானியங்கள் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியாயின. 1852 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மடிந்தனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். 1841-இல் ஏறத்தாழ 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 65 லட்சமாகக் குறைந்தது. அமெரிக்க நகரங்களில் வந்திறங்கியவர்களை வரவேற்றவை வறுமையும் மத வெறுப்பும். அங்கே மார்ச் 17 ஊர்வலம், ‘நாங்களும் இந்நகரத்தவரே’ என்று எண்ணிக்கையால் உணர்த்தும் வழியானது. இந்நாளின் உணவாக இன்று அமெரிக்காவில் பேசப்படும் உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும்கூட அங்குப் பிறந்த வழக்கமே. தாய்நாட்டில் முட்டைக்கோசுடன் உண்டது உப்பிட்ட பன்றியிறைச்சி. சிகாகோ ஆற்றின் பச்சையும் அத்தகையதே. ஆற்றில் கழிவுநீர் கலக்கும் இடத்தைக் கண்டறியப் பயன்பட்ட சாயத்தைக் கொண்டு, குழாய்ப் பணியாளர் சங்கத்தினர் 1962-இல் தொடங்கிவைத்த வழக்கம் அது.

அயர்லாந்திலிருந்து மறைப்பணிக்குப் புறப்பட்டவர்களும் இப்பெயரைச் சுமந்து சென்றனர். டல்லோ என்னும் சிற்றூரில் 1808-இல் தொடங்கப்பட்ட பேட்ரிசியன் சகோதரர்கள் சபையினர் நடத்தும் பள்ளி, சென்னை அடையாறில் புனித பேட்ரிக்கின் பெயரிலேயே உள்ளது.

வெளியேறியவர்கள் எங்கும் ஒடுக்கப்பட்டவர்களாகவே இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. கரீபியக் கடலின் மான்செராட் தீவில் குடியேறிய அயர்லாந்தியர் பலர், ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் கரும்புத் தோட்டங்களை நடத்தினர். 1768-ஆம் ஆண்டின் மார்ச் 17 அன்று, எசமானர்கள் திருநாள் விருந்தில் மூழ்கியிருக்கும் வேளையில் கிளர்ந்தெழ அடிமைகள் திட்டமிட்டனர். செய்தி முன்கூட்டியே கசிந்தது, திட்டமிட்டவர்கள் தூக்கிலிடப்பட்டனர். இன்று அயர்லாந்துக்கு வெளியே மார்ச் 17-ஐப் பொது விடுமுறையாகக் கொண்ட மிகச் சில இடங்களுள் மான்செராட்டும் ஒன்று. அங்கே அந்நாள் புனிதரை மட்டுமன்றி, தோற்றுப்போன அந்தக் கிளர்ச்சியாளர்களையும் நினைவுகூர்கிறது. அடிமையாக இருந்த புனிதரின் நாளில் அடிமைகளையும் நினைப்பதைவிடப் பொருத்தம் வேறென்ன?

அயர்லாந்திலோ இந்நாள் நெடுங்காலம் அடக்கமான சமயத் திருநாளாகவே இருந்தது. 1903-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டத்தால் பொது விடுமுறையானது. விடுதலைக்குப்பின், 1927-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாளில் மதுக்கூடங்களை மூடச் செய்தது. டப்ளினில் அன்று நடந்த நாய்க் கண்காட்சி மட்டும் அதற்கு விலக்கு. நாய்கள்மீது திடீர்ப் பற்றுக் கொண்டவர்கள் அங்குத் திரண்டதாக நகைச்சுவையாகச் சொல்வார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தடை நீடித்தது. இன்று டப்ளினில் காணும் பல நாள் விழா, 1995-இல் அரசு எடுத்த முடிவின்படி 1996-இல் தொடங்கியது. புலம்பெயர்ந்தோர் வளர்த்த கொண்டாட்டத்தைத் தாய்நாடு திரும்பப் பெற்றுக்கொண்டது எனலாம். மார்ச் 17 வரையிலான இரு வாரங்களில், அருகிவரும் ஐரிஷ் மொழிக்கென நிகழ்ச்சிகள் நடைபெறுவதும் இன்றைய வழக்கங்களுள் ஒன்று.

1952-இல் அயர்லாந்துத் தூதர் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஒரு சிறு பெட்டியில் ஷாம்ராக் அனுப்பினார். அது இன்று அயர்லாந்துப் பிரதமரே வெள்ளை மாளிகைக்குச் சென்று வழங்கும் ஆண்டுச் சடங்காக வளர்ந்திருக்கிறது. 2017-இல் பிரதமர் எண்டா கென்னி அந்நிகழ்வில், புனித பேட்ரிக்கும் ஒரு குடியேறியே என்று அதிபர் டிரம்ப்பின் முன்னிலையில் நினைவூட்டினார். அடுத்த ஆண்டு ஷாம்ராக் கிண்ணத்தை ஏந்திச் சென்றவர் லியோ வராத்கர். மும்பையிலிருந்து சென்ற மருத்துவரின் மகன்.

அமெரிக்காவுக்குச் சொன்ன அந்தப் பாடம் இன்று அயர்லாந்துக்கே தேவைப்படுகிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அங்கு வாழ்வோரில் ஐவரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். 2023 நவம்பரில் டப்ளினில் குடியேறியோருக்கு எதிரான கலவரம் மூண்டது. 2025-இல் இந்தியர்கள் தொடர்ந்து தாக்கப்பட்டதால், பாதுகாப்பாக இருக்குமாறு இந்தியத் தூதரகம் அறிவுறுத்த நேர்ந்தது. கப்பல் கப்பலாக வெளியேறி, அயலாரின் ஏளனத்தை அனுபவித்த ஒரு மக்கள் கூட்டத்தின் நாட்டில் இது நிகழ்வது வேதனை.

ஷாம்ராக்கும் பச்சையும் ஊர்வலமும் காலத்தால் வந்து சேர்ந்தவை, இன்னும் மாறக்கூடும். மாறாதது, அயலான் ஒருவன் அடிமையாக வந்திறங்கி, பின்னர் அந்நாட்டின் அடையாளமாகவே ஆன வரலாறு. அயர்லாந்தின் மருத்துவமனையில் இரவுப்பணி முடித்துத் திரும்பும் இந்தியச் செவிலியர் தெருவில் அச்சமின்றி நடக்க முடிவதே, அப்புனிதருக்குச் செய்யும் உண்மையான சிறப்பு.