தத்துவ போதகர் வகுத்த வழி

வேற்றிடம் சென்று குடியேறி வாழ்வோரை ஒரு கேள்வி விடாது தொடரும். அவ்விடத்தார் உடுப்பதை உடுத்து, உண்பதை உண்டு, பேசுவதைப் பேசி வாழ வேண்டுமா? வேண்டுமெனில் எதுவரை? மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழராகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன் மதுரைக்கு வந்த ஓர் இத்தாலியருக்கும் இதே கேள்வி எழுந்தது. அவர் கண்ட விடையையும், அதனால் விளைந்தவற்றையும் சிறிது ஆராய்வோம்.

இராபர்ட் தெ நொபிலி என்னும் இயேசு சபைத் துறவி 1577-ல் இத்தாலியில் உயர்குடியொன்றில் பிறந்தவர். 1605-ல் கோவாவில் இறங்கி, 1606-ஆம் ஆண்டின் இறுதியில் மதுரை சேர்ந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற முதிய குருவானவர் பல்லாண்டுகளாகத் தொண்டாற்றி வந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களே அவருடைய சபையார். மதுரை நகரத்தாருள் ஒருவரும் அவர் சமயத்தைத் தழுவவில்லை.

காரணம் யாது? போர்ச்சுகீசியரை மக்கள் 'பறங்கியர்' என்றனர். மாட்டிறைச்சியும் மதுவும் கொண்டு, தூய்மை பேணாதவர் என்னும் இகழ்ச்சி அச்சொல்லில் கலந்திருந்தது. கிறிஸ்தவராவது என்றால் பறங்கியராவது என்றே ஊரார் கருதினர். மதம் மாறியவர் போர்ச்சுகீசியப் பெயரைச் சூடியதும் இக்கருத்துக்கு வலுவூட்டியது.

நொபிலி இம்முடிச்சை அவிழ்க்க முனைந்தார். கறுப்பு அங்கியைக் களைந்து காவியுடுத்தார்; பாதக்குறடு அணிந்தார்; புலால் நீக்கி ஒருவேளை உண்டார். தமிழோடு வடமொழியும் தெலுங்கும் பயின்றார். வடமொழி நூல்களை அவருக்குக் கற்பித்தவர் சிவதருமர் என்னும் அந்தணர். 'தத்துவ போதகர்' என்னும் பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. 'ஞானோபதேசம்' முதலிய உரைநடை நூல்களை இயற்றினார். செய்யுளே கோலோச்சிய அக்காலத்தில் அரிய தத்துவப் பொருளை உரைநடையில் எடுத்துரைத்த அவருடைய முயற்சி தமிழுக்கும் பயன் தந்தது.

அவர் கொள்கை எளியது. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை இந்நாட்டாரின் சமூக வழக்கங்கள். இவற்றைக் கைவிடாமலே ஒருவர் கிறிஸ்தவராகலாம் என்றார் அவர். இதனைப் பெர்னாண்டஸ் ஏற்கவில்லை. மேலிடத்திற்கு முறையீடு செய்தார். 1619-ல் கோவாவில் கூடிய மாநாட்டில் எதிர்ப்பு ஓங்கியது. வழக்கு உரோமாபுரி சென்றது. 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், மூட நம்பிக்கை கலவாத அளவில் இவ்வழக்கங்களுக்கு இசைவளித்தார். நொபிலி வென்றார்.

ஆயினும் வரலாறு அத்துடன் முடியவில்லை. நொபிலி சமூக வழக்கம் என்று ஒதுக்கிவைத்தவற்றுள் சாதியும் ஒன்று. அவரிடம் திருமுழுக்குப் பெற்ற உயர்குலத்தார் பரதவக் கிறிஸ்தவரோடு கூடி வழிபடவில்லை. உயர்குலத்தாரிடையே பழகிய குருவானவர் தாழ்த்தப்பட்டோரிடம் வெளிப்படையாகச் செல்ல இயலவில்லை. அக்குறையை நீக்கவே 1640-ல் பல்தசார் தா கோஸ்தா 'பண்டாரசாமி' கோலம் பூண்டார். பண்டாரசாமிகள் எல்லாக் குலத்தாரையும் அணுக முடிந்தது, வேறுபாடோ ஒழியவில்லை.

நொபிலி 1656-ல் மயிலாப்பூரில் பார்வை மங்கிய முதியவராய் மறைந்தார். அவருக்குப் பின்னும் வழக்கு ஓயவில்லை. 1704-ல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதரான தூர்னோன் இவ்வழக்கங்கள் பலவற்றைத் தடுத்தார். நோயுற்ற தாழ்த்தப்பட்டோரின் இல்லம் சென்று இறுதிச் சடங்குகளை நிறைவேற்றக் குருக்கள் தயங்கியதும் அவருடைய கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் அத்தடையை உறுதிசெய்தார். தாழ்த்தப்பட்டோர்க்கென்று தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டுக்கும் அவர் இசைந்தார். இணைக்க வேண்டிய இடத்தில் பிரிவுக்கே ஒரு முறைமை வகுத்தாயிற்று!

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? நொபிலியின் வழி பொய்த்ததெனச் சொல்வதற்கில்லை. இன்று வேளாங்கண்ணியில் கொடியேறுவதையும், தூத்துக்குடியில் பனிமய மாதாவின் தேர் உலா வருவதையும் காண்போர் அவற்றை அயலார் வழக்கம் என எண்ணுவதில்லை. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவரவர் தாய்மொழியில் வழிபட வழி திறந்தது. நொபிலியின் நோக்கம் காலந்தாழ்த்தியேனும் ஒருவாறு நிறைவேறியது.

அவர் பிழைத்தது வேறோரிடத்தில். நெற்றியில் இட்ட சந்தனம் பிறர் எவரையும் தாழ்த்தாது. சாதியோ, ஒருவனை உயர்த்தப் பிறனைத் தாழ்த்தியே தீரும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'ஊர் வழக்கம்' என்று அவர் நிறுத்தார். அப்பிழையின் சுமையை ஏழை எளியவர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தனர்.

வாழுமிடத்தின் வழக்கத்தைக் கைக்கொள்வதும், பிறந்தவிடத்தின் வழக்கத்தைப் போற்றுவதும் நமக்கு அன்றாட நிகழ்ச்சிகள். இரண்டுக்கும் உரைகல் ஒன்றே. இவ்வழக்கத்தால் எவனேனும் வாயிலுக்கு வெளியே நிற்க நேர்கிறதா என்று கேட்போம். நேர்கிறதெனில், அது எவ்வூர் வழக்கமாயினும் நமக்கு வேண்டா.