மக்கு எனப்பட்ட மாணவன்

ஓராண்டு முழுதும் பள்ளிக்கூடம் சென்றும் பாலபாடத்தைத் தாண்டாத பிள்ளையை நம்மவர் "மக்கு" என்பர். இன்னுஞ் சிலர் "அவன் தலையெழுத்து" என்று கையை விரித்துவிடுவர். சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சோதிடனிடம் ஓடுவோரும் உளர். அப்பிள்ளையின் இடர் இன்னதென்று மேனாட்டு வைத்தியர் கண்டறிந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. ஆயினும் அச்செய்தி நம் வீடுகளுள் இன்னும் நன்கு புகவில்லையாதலின், அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

1877-ஆம் ஆண்டில் குஸ்மவுல் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 'சொற்குருடு' என்றொரு பெயரை வழங்கினார். மூளை நோயுற்ற சிலர், பார்வையும் பேச்சும் குன்றாதிருந்தும், வாசிக்கும் ஆற்றலை மட்டும் இழந்து நின்றதை அப்பெயர் குறித்தது. பத்தாண்டு கழித்து ஸ்டட்கார்ட் நகரத்துக் கண் வைத்தியர் ருடால்ப் பெர்லின், அதனையொத்த இடருக்கு 'டிஸ்லெக்சியா' என்று பெயரிட்டு நூல் வெளியிட்டார். இவையெல்லாம் வளர்ந்தோரைப் பற்றியவை.

சிறுவனொருவன் வரலாறு 1896 நவம்பர் 7-ஆம் நாள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலே வெளிவந்தது. எழுதியவர் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சீபோர்டு ஊர் வைத்தியர் பிரிங்கிள் மார்கன். சிறுவன் பெர்சிக்கு வயது பதினான்கு. ஏழு வயது முதல் பள்ளியிலும் தனி உபாத்தியாயரிடத்தும் பயின்றவன், விளையாட்டிற் சுறுசுறுப்பானவன், கண்ணிற் பழுதில்லை. ஆனால் தன் பெயரையே எழுத்து முன்பின்னாக மாற்றி எழுதினான். பிழையை ஒருமுறைக்கு மேற் சுட்டிய பின்னரே உணர்ந்தான். '7' என்னும் இலக்கத்தை எளிதில் வாசித்தவனுக்கு, அதனையே சொல்லாக எழுதிக் காட்டினால் வாசிக்க இயலவில்லை. அவனே 749-ஐ 867-ஆற் பெருக்கி விரைவிற் சரியான விடை சொன்னான்! பாடம் முழுதும் வாய்மொழியாகவே நடைபெறுமாயின் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் மார்கன் குறித்து வைத்தார். வைத்தியத்திற் பாதி அக்கூற்றிலேயே அடங்கியிருந்தது. பள்ளிகள் அதனைச் செவிமடுக்க முக்கால் நூற்றாண்டு சென்றது.

பெர்சிக்குத் தனி உபாத்தியாயர் வாய்த்தார். ஏழை வீட்டுப் பெர்சிகள் எத்தனைபேர் மக்குப் பட்டத்தோடு வயலுக்கும் சுரங்கத்துக்கும் போயினரோ!

அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் மனநோய் வைத்தியர் 1925-இல் ஐயோவா நாட்டுப்புறத்திலே நடமாடும் வைத்தியசாலை நடத்தி, மந்தமென்று ஆசிரியர் கருதிய பிள்ளைகளை அனுப்பக் கேட்டார். வந்தவருள் வாசிக்கத் தெரியாத பதினாறு வயது இளைஞனொருவன் இருந்தான். அறிவளவைச் சோதனை அவனுக்கு 71 என்று மதிப்பிட்டது. அவனோடு பழகிய ஆர்ட்டன் அந்த எண்ணை நம்பவில்லை. மூளையின் இருபுறமும் போட்டியிடுவதால் எழுத்துத் தலைகீழாகிறதென அவர் கொண்ட கொள்கை பிற்கால ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை. சொல்லிலுள்ள ஒலிகளைப் பிரித்துணர்ந்து அவற்றை எழுத்தோடு பிணைப்பதிலேயே பெரும்பாலும் இடர் இருப்பதாகவும், அது குடும்பவழி வருவதுண்டென்றும் இன்று அறிகிறோம்.

கொள்கை பிழைத்தாலும் முறை பிழைக்கவில்லை. ஆர்ட்டனோடு பணிபுரிந்த அன்னா கில்லிங்ஹாமும் பெஸ்ஸி ஸ்டில்மனும் 1930-களில் வகுத்த முறையில், பிள்ளை எழுத்தைக் கண்ணாற் கண்டு, ஒலியை வாயாற் சொல்லிச் செவியாற் கேட்டு, கையால் எழுதுகிறது. ஒன்று படிந்த பின்னரே அடுத்தது. நம் திண்ணைப் பள்ளியிலும் வாயாற் சொல்லி மணலில் விரலால் எழுதினோமே என்பீர்கள். மெய்தான். அதற்காக, முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனரென மார்தட்ட வேண்டா. அங்கே பிரம்பும் இருந்தது.

1962-இல் லண்டனிலே 'சொற்குருடு நிலையம்' திறக்கப்பட்டது. 1970-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் டிஸ்லெக்சியா என்னும் சொல் இடம்பெற்றது. பெர்சி பிறந்த நாட்டிலேயே இத்தனை தாமதம்! 1972-இல் அந்நிலையம் மூடப்பட்டது. அவ்வாண்டே பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் எழுந்தது.

சிங்கப்பூரில் இதற்கெனச் சங்கம் தோன்றியது 1991-இல். இங்கே பள்ளி வாயிலாக விண்ணப்பித்து, சோதனை அறிக்கையும் காட்டினால், பரீட்சையிற் கூடுதல் நேரம் பெற வழியுண்டு. ஊரார் சிரிப்பரென்று பெற்றோர் மறைத்து வைத்தால் அப்பிள்ளைக்கு அந்த நேரமும் கிடைப்பதில்லை.