ரைஃபிள் ஸ்கோப்பின் பூர்வீகம்

ரைஃபிள் ஸ்கோப்பில் தெரியும் குறுக்கிழைகள் முதலில் குறிபார்த்தது வானத்தைத்தான். 1640-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் லீட்ஸ் அருகே வாழ்ந்த வில்லியம் காஸ்காய்ன், தன் தொலைநோக்கிக்குள் சிக்கிய சிலந்தி இழை ஒன்று, தொலைவில் உள்ள பொருளோடு சேர்ந்தே தெளிவாகத் தெரிவதைக் கண்டார். இழை இருந்த இடம் லென்ஸின் குவியம். அந்த அறிவைக்கொண்டு கோள்களின் விட்டத்தை அளக்கக் கருவி செய்த அந்த இளைஞர், 1644-இல் உள்நாட்டுப் போரில் மடிந்தார்.

துப்பாக்கிக்குக் குறுக்கிழை வந்து சேர ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் சிராகியூஸ் நகரில் வில்லியம் மால்கம் 1855 வாக்கில் ஸ்கோப் தயாரிக்கத் தொடங்கினார். பித்தளையிலோ இரும்பிலோ ஆன அக்கால ஸ்கோப்புகள் துப்பாக்கிக் குழல் அளவுக்கு நீளமானவை. தாங்கியில் உள்ள திருகால் ஸ்கோப்பையே சாய்த்துக் குறியைத் திருத்தினார்கள்.

பின்னாளில் திருத்தும் பொறி ஸ்கோப்புக்குள் போனது. தொடக்கத்தில், திருகத் திருகக் குறுக்கிழை ஓரத்துக்கு ஒதுங்கியது; பிறகு அது எப்போதும் நடுவில் தெரியும் அமைப்பு வந்தது. இன்று மேல் திருகு உயரத்துக்கு, பக்கத் திருகு இடவலத்துக்கு. பரவலான வகையில் ஒரு ‘க்ளிக்’, 100 கஜத்தில் சுமார் கால் அங்குலம். குண்டு 2 அங்குலம் தாழ்ந்தால், 8 க்ளிக் மேலே திருப்ப வேண்டும்.