கால்பந்து வருணனையும் கேட்போர் மனக்குறையும்

கால்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியிற் காண்போரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் முறையீடு ஒன்று உண்டு. அஃது ஆட்டக்காரரைப் பற்றியதன்று, நடுவரைப் பற்றியதுமன்று. ஆட்டத்தை எடுத்துரைக்கும் வருணனையாளரைப் பற்றியது. பேச வேண்டாத இடத்தில் அவர் பேசுகிறார். பந்து கோலை நெருங்கும் வேளையிற் சென்ற ஆண்டின் புள்ளிக் கணக்கை ஒப்புவிக்கிறார். ஆட்டக்காரரின் பெயரைப் பெற்ற தாயும் அறியாத வண்ணம் உச்சரிக்கிறார். ஒரு கட்சிக்கு வழக்கறிஞராகவே மாறிவிடுகிறார். இலண்டனிலும் கல்கத்தாவிலும் எழும் இம்முறையீடு நம் மின்னி பேயிலும் எழுகின்றது. பெரிய ஆட்டம் நடைபெறும் இரவுகளில் இளைஞர் குழுமியிருக்கும் வீட்டினுட் புகுந்து பார்த்தால், படம் ஓடிக்கொண்டிருக்கும், ஒலியோ அடைக்கப்பட்டிருக்கும். வருணனையை அவர்கள் தாமே செய்துகொள்வர். அவ்வருணனை பெரும்பாலும் இந்தியிலேயே நடைபெறும் என்பதை ஈண்டுக் குறித்து வைத்துக்கொள்வோம். பின்னர் அதற்கு வருவோம்.

இம்மனக்குறையின் வேர் எங்கே உள்ளது என்று தேடப் புகுந்தால், நாம் 1927-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள், இங்கிலாந்தும் வேல்சும் ஆடிய ரக்பி ஆட்டத்தை பி.பி.சி. வானொலி முதன்முதலாக நேர்முகமாக ஒலிபரப்பியது. பேசியவர் வேக்கலம் என்பார். பி.பி.சி.யில் முன்னம் எவரும் செய்திராத வேலை. எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர ஆசிரியர் எவரும் இலர். பொறுப்பாளர் சீவ்கிங் என்பார் செய்த உபாயம் வியக்கத்தக்கது. போரிற் கண்ணிழந்தோர் இல்லத்திலிருந்து பார்வையற்ற ஒருவரை அழைத்துவந்து அமர்த்தி, இவருக்கு ஆட்டத்தைச் சொல்லும், அதுவே போதும் என்றார். பி.பி.சி.யில் நேர்முக வருணனை என்னும் கலை பிறந்த வரலாறு இதுதான். காண இயலாதவருக்குக் கண்ணாக இருப்பதற்கென்றே அது தோன்றியது.

ஒரு வாரம் கழித்து, சனவரி 22-ஆம் நாள், ஹைபரி மைதானத்தில் ஆர்சனலும் செஃபீல்டு யுனைடெடும் மோதிய கால்பந்தாட்டத்தையும் அதே வேக்கலம் வருணித்தார். அதற்கென ஓர் ஏற்பாடும் செய்யப்பட்டது. மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பகுத்து எண்ணிட்ட படம் ஒன்று பி.பி.சி.யின் வார இதழில் அச்சிடப்பட்டது. வேக்கலம் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போக, அருகிருந்த மற்றொருவர் பந்து எந்தக் கட்டத்தில் உள்ளது என்று எண்ணை மட்டும் இடையிடையே கூறுவார். வீட்டில் இருப்பவர் தாளை விரித்து வைத்துக்கொண்டு, விரலால் பந்தைத் தொடர்ந்து செல்லலாம். எளிமையும் நேர்மையும் வாய்ந்த ஏற்பாடன்றோ! கேட்பவருக்கு முதலில் வேண்டுவது பந்து இருக்கும் இடம். மற்றவை எல்லாம் அதற்குப் பின்பே என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

பத்தாண்டுகள் சென்றன. 1937 செப்டம்பர் 16-ஆம் நாள் அதே ஹைபரியில் ஆர்சனலின் முதல் அணியும் துணை அணியும் ஆடிய காட்சி ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சி காட்டியது. நிலையத்துக்கு அண்மையில் இருந்த மைதானம் என்பதாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. பந்து எங்கே உள்ளது என்பதை இனி எவரும் சொல்ல வேண்டுவதில்லை, கண்ணே காண்கிறது. ஆயினும் வருணனையாளர் வேலை நீங்கிச் சென்றாரில்லை. வானொலியிலிருந்து அப்படியே தொலைக்காட்சிக்குப் பெயர்ந்து வந்தார். வாய் திறவாத நொடி வீணான நொடி என்னும் வானொலிப் பழக்கமும் உடன் வந்தது. பார்வையற்றவருக்குச் சொல்ல வேண்டியதைப் பார்வையுள்ளவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தால் அவர் எவ்வளவு நேரம் பொறுப்பார்? பேசுபொருள் தீர்ந்துபோன வருணனையாளர் என்ன செய்வார்? கணக்கைச் சொல்வார், பழங்கதை சொல்வார், உடன் அமர்ந்திருக்கும் பழைய ஆட்டக்காரரோடு வேடிக்கை பேசுவார். நாம் குறைகூறுவன யாவும் இந்த ஒரு முடிச்சிலிருந்து விளைந்தவையே என்பது நம் கருத்து.

அப்படியாயின் வருணனையாளரை அடியோடு நீக்கிவிட்டால் என்ன? அதனையும் ஒரு நாட்டார் செய்து பார்த்தனர். 1980 டிசம்பர் 20-ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம், மயாமி நகரில் நடந்த ஓர் ஆட்டத்தை வருணனையாளர் எவரும் இன்றி ஒளிபரப்பியது. (அது நம் கால்பந்தன்று, அவர்கள் கையில் ஏந்தி ஓடும் பந்தாட்டம்.) அரங்கின் ஆரவாரமும் திரையில் எழுத்துகளுமே இருந்தன. வரவேற்றோரும் உண்டு, ஏதோ குறைகிறது என்றோரும் உண்டு. அம்முயற்சி மறுமுறை செய்யப்படவில்லை. ஆகவே, மக்கள் வெறுப்பது குரலையன்று என்பது தெளிவு. அளவறிந்து ஒலிக்கும் குரலை அவர்கள் விரும்பவே செய்கின்றனர்.

உணர்ச்சி மிகுவது தவறு என்றும் நாம் சொல்லவில்லை. 1986-இல் மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா ஆறேழு பேரைக் கடந்து சென்று இட்ட கோலை விக்டர் ஊகோ மொராலெஸ் எடுத்துரைத்தபோது, அழுதுகொண்டே அந்த ஆட்டக்காரரை வானத்துப் பட்டம் என்று அழைத்தார். அந்த வருணனையை அர்ஜென்டின மக்கள் இன்றளவும் போற்றுகின்றனர். ஆனால் அது வானொலி வருணனை என்பதை மறத்தலாகாது. கேட்டவருக்குப் படமும் அவரே, குரலும் அவரே.

நம் நாட்டுக்கு வருவோம். 1930-களில் பம்பாயில் நடைபெற்ற கிரிக்கெட் போட்டிகளை வருணித்துப் புகழ்பெற்றவர் தல்யார்கான். நாள் முழுவதும் ஒருவராகவே பேசுவார். ஒலிவாங்கியைப் பிறருடன் பங்கிட்டுக்கொள்ள இசையார். அக்காலத்து வருணனை ஆங்கிலத்திலேயே இருந்தது. கால்பந்து வருணனையைத் தாய்மொழிக்குக் கொண்டுவந்து மக்களிடையே வேரூன்றச் செய்த பெருமை வங்காளிகளையே சாரும். கல்கத்தா வானொலியில் அஜய் பாசு, கமல் பட்டாசார்யா, புஷ்பேன் சர்க்கார் ஆகியோர் வங்காள மொழியில் எடுத்துரைத்த ஆட்டங்களை ஒரு தலைமுறையே வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்டது. இத்தீவுகளில் மிகுதியாக வாழும் நம் அண்டை வீட்டார் அவ்வங்காளிகளே. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் பெயர்களை அவர்கள் வீட்டு முதியோர் உச்சரிக்கும்போது, கண்ணால் கண்ட ஆட்டத்தைவிடக் காதால் கேட்ட ஆட்டமே நினைவில் மிகுந்திருப்பதை நாம் கவனித்ததுண்டு.

தமிழுக்கு அத்தகைய பேறு கிரிக்கெட்டிலே வாய்த்தது. சென்னை வானொலியில் கூத்தபிரான், இராமமூர்த்தி, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் ஆகியோர் தமிழில் நேர்முக வருணனை செய்தனர். கூத்தபிரான் 'வானொலி அண்ணா' என்று குழந்தைகளால் அன்புடன் அழைக்கப்பெற்றவர், நாடகக் கலைஞர். அப்துல் ஜப்பாரும் நாடகத்திலே தேர்ந்த குரலினர், 2020-இல் மறைந்தார். இவர்கள் ஆங்கில வருணனையை மொழிபெயர்த்தவர் அல்லர். தமிழில் ஒரு வாக்கியம் வினைச்சொல்லில் முடிவது. பந்தோ வாக்கியம் முடியும்வரை காத்திராது. எனவே வீச்சாளர் ஓடிவரும்போதே வாக்கியத்தைத் தொடங்கி, பந்து மட்டையிற் படும் நொடியில் வினைச்சொல்லைக் கொண்டுபோய் நிறுத்தும் வித்தை வேண்டியிருந்தது. பந்து வீச்சாளர், மட்டையாளர், எல்லைக்கோடு முதலான சொற்கள் படிப்பறிவு குறைந்தோர் வாயிலும் புழங்கியதற்கு அகராதிகள் காரணமல்ல, இக்குரல்களே காரணம். இன்று தொலைக்காட்சியிற் பேசுவோருள் எத்தனை பேர் இந்தப் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டிருப்பரோ!

கால்பந்துக்குத் தமிழில் அத்தகைய மரபு வளரவில்லை. வடசென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆட்டத்துக்குக் குறைவில்லை. ஆட்டத்தைச் சொல்லும் குரலுக்கே குறை. யாழ்ப்பாணத்தார் அதனை உதைபந்தாட்டம் என்பர். தமிழகத்தார் கால்பந்தாட்டம் என்பர். பெயரே இரண்டாக இருக்க, ஏனைய சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி நம் தீவின் கதை. சென்னைக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடல். இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரில் வானொலி நிலையம் 1963-இல் அமைந்தது. இன்சாட் 1பி செயற்கைக்கோள் 1983-இல் விண்ணேறிய பின்பே தொலைக்காட்சி நாட்டின் கோடிகளுக்கெல்லாம் பரவலாயிற்று. 1986 உலகக் கோப்பையைத் தூரதர்ஷன் காட்டியது. மரடோனாவின் அந்த ஆட்டம் நம் நேரப்படி இரவு 11.30 மணிக்குத் தொடங்கியது. வங்கத்திலும் கேரளத்திலும் அன்று முளைத்த அர்ஜென்டினப் பற்று இன்னும் பட்டுப்போகவில்லை. அன்று கேட்டது ஆங்கிலக் குரல். பலருக்குப் பொருள் விளங்கவில்லை. விளங்காததனாலேயே எரிச்சலும் விளையவில்லை போலும்!

பின்னர் இணையத்தின் காலம் வந்தது. கரையில் உள்ளோர் கைப்பேசியில் ஆட்டம் கண்டுகொண்டிருக்க, செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்த நமக்குப் படம் நகராமல் நின்றுவிடும். கோல் விழுந்த செய்தி கரையிலிருந்து தொலைபேசி வழியே முதலில் வந்து சேரும். சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட கண்ணாடியிழைக் கம்பி 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் பயன்பாட்டுக்குத் திறந்துவைக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 2022-இல் கத்தாரில் உலகக் கோப்பை நடந்தபோது, இணைய ஒளிபரப்பில் ஆங்கிலம், இந்தி, வங்காளம், மலையாளம் ஆகியவற்றோடு தமிழ் வருணனையும் இடம்பெற்றது. கடலடிக் கம்பி வழியே சென்னைத் தமிழ் மின்னி பே வீட்டுக்குள் கால்பந்து பேசிக்கொண்டு வந்தது. நாம் மகிழ்ந்தோம் என்று சொல்லவும் வேண்டுமோ?

அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. முன்னர் அந்நிய மொழியில் இருந்தமையால் மறைந்திருந்த குறைகள் எல்லாம், தாய்மொழியில் வந்ததும் பளிச்செனத் தெரிந்தன. திரைப்பட வசனங்கள் இடையிடையே வந்தன. ஒரு வாக்கியத்தில் நான்கு சொல் ஆங்கிலமாக இருந்தது. பந்து பறிபோன பின்னரும் முந்தைய நகைச்சுவை முடிந்தபாடில்லை. குரல் கொடுத்தோர் திறமையற்றவர் என்பது நம் எண்ணமன்று. பின்பற்றுவதற்குத் தமிழ்க் கால்பந்து மரபு ஒன்று இல்லாதபோது, கிரிக்கெட் விருந்தில் மிஞ்சியதைப் பரிமாறுவதன்றி அவர்கள் வேறென் செய்வர்? நம் இளைஞர் சிலர் இரண்டாம் நாளே இந்திக்குத் திருப்பிக்கொண்டனர். சிலர் ஒலியை அடைத்தனர்.

தமிழகத்தில் இருப்பவருக்கு இது சிறு எரிச்சல். நமக்கு அவ்வளவு சிறியதன்று. 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்குப் பதினைவர் அளவினர். கடைத்தெருவிலும் படகுத்துறையிலும் பொதுமொழி இந்தி. நம் பிள்ளைகள் தமிழை வீட்டிற் கேட்கின்றனர், பாட்டியிடமும் கோயிலிலும் கேட்கின்றனர், திரைப்படத்திற் கேட்கின்றனர். ஆனால் தாம் மிகவும் விரும்பும் ஒன்றைப் பற்றி, தம் வயதினரோடு, வேகமாகவும் கூர்மையாகவும் வாதிடுவதற்கான தமிழ் அவர்களிடம் இல்லை. ஆஃப்சைடு விதியைத் தமிழில் விளக்கச் சொன்னால் பதினாறு வயதுச் சிறுவன் இரண்டாவது வாக்கியத்தில் இந்திக்குத் தாவிவிடுகிறான். அவ்விதியையோ மொழியையோ அவன் அறியாதவன் அல்லன். இரண்டையும் சேர்த்து எவரும் அவன் காதில் இட்டதில்லை. அன்றைய வானொலி சிற்றூர்ச் சிறுவனுக்குக் கிரிக்கெட்டைத் தமிழில் தந்ததுபோல, இவனுக்குக் கால்பந்தைத் தமிழில் தருவார் வேண்டும்.

அதற்குத் தனித்தமிழ்ச் சொற்களை மூட்டை மூட்டையாக இறக்குமதி செய்ய வேண்டும் என்று சொல்வாரோடு நாம் உடன்படவில்லை. கோல் கோலாகவே இருக்கட்டும், பெனால்ட்டியும் அவ்வாறே. கார்னரை மூலை உதை என்று சொல்ல நா தடுமாறாது, சொல்லலாம். பெயர்ச்சொல்லில் இல்லை இடர்ப்பாடு, வினைச்சொல்லில்தான் இருக்கிறது. தட்டினான், தள்ளினான், ஏவினான், உருட்டினான், வளைத்தான், தடுத்தான், விட்டான், வழுக்கினான், முட்டினான் என்று காலுக்கும் பந்துக்கும் உள்ள வினைகள் தமிழிற் குவிந்து கிடக்கின்றன. அவற்றை விடுத்து, எதற்கும் 'பண்ணினார்' என்று ஓர் ஆங்கிலச் சொல்லின் வாலில் ஒட்டுவதே காதை உறுத்துகிறது.

நம் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் இளைஞர் பந்தாட்டத்தின்போது, நிழலில் நாற்காலி இட்டு முதியோர் பலரை அமர்த்துகிறோம். அவர்களுள் கண்புரையால் பந்தைக் காண இயலாதோர் சிலர் உளர். வரும் ஆண்டில் இரு இளைஞரை ஒலிபெருக்கி முன் அமர்த்தி, அம்முதியோருக்கு ஆட்டத்தைத் தமிழிற் சொல்லச் செய்யலாம் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்துள்ளது. ஒருவர் ஆட்டத்தைச் சொல்வார். மற்றவர் கட்ட எண்ணை மட்டும் சொல்வார். மைதானத்தை எட்டுக் கட்டங்களாக வரைந்த தாளை விழா அழைப்பிதழின் பின்புறத்திலேயே அச்சிட்டுவிடலாம், செலவு மிகாது. எண்ணை மட்டும் சொல்லும் இரண்டாமவர் வேலைக்கு இதுவரை எவரும் முன்வரவில்லை.