அன்னா மணிக்குக் கிடைக்காத பட்டம்: இயற்பியல் ஆய்வுப் பட்ட விதிகளின் கதை



படிவம் 5 முடிக்கும் மாணவர்களுக்கு வழி சொல்லும்போது நாம் பெரும்பாலும் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என்ற இடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு மேல் என்ன இருக்கிறது, முனைவர் பட்டத்திற்கு யார் சேரலாம், சேர்ந்தவர் எப்படி முடிக்கிறார் என்பதையெல்லாம் கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சொல்ல வீட்டில் ஆள் கிடைப்பது அரிது. சொல்ல வேண்டியது நாம்தான். விதிகளைப் பட்டியல் போட்டால் பிள்ளைங்க தூங்கிடுவாங்க. அந்த விதிகள் ஏன் வந்தன என்று வரலாறாகச் சொன்னால் கேட்பார்கள். இயற்பியல் துறையில் அப்படிச் சொல்ல நல்ல வரலாறு இருக்கிறது.

பட்டம் இல்லாத பேராசிரியர்

ஆராய்ச்சி செய்து, ஆய்வேடு எழுதி, டாக்டர் ஆவது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய வழக்கம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861இல் முதல் முனைவர் பட்டங்களைக் கொடுத்தது. இங்கிலாந்துக்கு இது வந்து சேர ரொம்ப நாளானது. ஆக்ஸ்ஃபோர்ட் 1917இலும் கேம்பிரிட்ஜ் 1919இலும்தான் இப்பட்டத்திற்கு விதிகளை ஏற்படுத்தின. அணுக்கருவைக் கண்டுபிடித்த ரூதர்ஃபோர்ட் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில் அங்கே அப்படி ஒரு பட்டமே கிடையாது.

நம்ம சர் சி.வி. ராமன் கதையும் இதுதான். சென்னை மாநிலக் கல்லூரியில் 1907இல் எம்.ஏ. முடித்தார். அதன்பின் நிதித்துறையில் அரசாங்க வேலை. வேலை நேரம் போக மற்ற நேரத்தில் கல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதனைகள். 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் ஆனபோது, ஆய்வேடு எழுதிப் பெற்ற முனைவர் பட்டம் அவரிடம் இல்லை. வெளியிட்ட கட்டுரைகள்தாம் அவருடைய தகுதிச் சான்று. 1930இல் நோபல் பரிசும் வந்தது.

மாணவர்களுக்கு அந்த 1917ஐ நம்ம மண்ணோடு சேர்த்துச் சொல்லலாம். அதே ஆண்டில்தான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கொனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார்.

1945: கடைசியில் வந்த கேள்வி

அடுத்த தலைமுறைக்குப் பட்டம் அவசியமாகிவிட்டது. பட்டம் வந்ததும் அதற்கு நுழைவுத் தகுதியும் வந்தது. அந்தத் தகுதி விதி ஒருவரை எப்படித் தடுத்தது என்பதற்கு அன்னா மணியின் வாழ்க்கை சாட்சி.

அன்னா மணி 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். அதுவும் மலைத்தோட்டப் பகுதிதான். ஆனால் அவர் தொழிலாளி வீட்டுப் பிள்ளை இல்லை. தந்தை பொறியாளர், ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தபோது அதை வேண்டாம் என்று சொல்லி, கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டு வாங்கினாராம்.

1939இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், வேதியியலில் பி.எஸ்சி. ஆனர்ஸ். 1940இல் உதவித்தொகை பெற்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஆராய்ச்சி வைரங்களையும் மாணிக்கக் கற்களையும் பற்றியது. ஒளி பட்டதும் அவை எப்படி ஒளிர்கின்றன என்று முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலைகளைப் பதிவு செய்தார். மங்கலான ஒளி என்பதால் ஒரு புகைப்படத் தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. 1942க்கும் 1945க்கும் இடையில் தன் பெயரில் மட்டும் ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்.

1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். பெங்களூரில் நடந்த ஆராய்ச்சிக்கு அப்போது பட்டம் வழங்கியது அந்தப் பல்கலைக்கழகம்தான். வந்த பதில்: எம்.எஸ்சி. பட்டம் இல்லாதவருக்கு முனைவர் பட்டம் தர இயலாது.

ஆய்வில் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய ஆனர்ஸ் பட்டத்தை நம்பித்தான் ஆராய்ச்சி உதவித்தொகையே கொடுத்தார்கள். ஐந்து வருடம் உழைத்த பிறகு அதே பட்டம் போதாது என்று ஆகிவிட்டது. கட்டி முடித்த அந்த ஆய்வேடு பின்னர் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் மற்ற ஆய்வேடுகளோடு சேர்ந்து இடம்பெற்றது. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அதே ஆய்வுக்கூடத்தில், அதே காலத்தில் ராமனிடம் இருந்த இன்னொருவர் ஜி.என். ராமச்சந்திரன். அவரிடம் முதுகலைப் பட்டம் இருந்தது. 1947இல் அதே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் வழங்கியது. 1949இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும் பெற்றார். இருவருமே திறமைசாலிகள். ஒருவர் கையில் இருந்த ஒரு சான்றிதழ் மற்றவரிடம் இல்லை.

அன்னா மணி சோர்ந்துவிடவில்லை. 1945இலேயே அரசாங்க உதவித்தொகையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, அதன் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார். பட்டம் இல்லாதது தன் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை என்றே பின்னாளில் சொன்னார். அவருக்கு அது உண்மையாக இருக்கலாம். உடனே அடுத்த உதவித்தொகை கிடைத்தது, தாங்கிப் பிடிக்கக் குடும்பமும் இருந்தது. செம்பனைக் குலை அறுக்கும் ஒருவருடைய மகளுக்கு ஐந்து வருடம் வீணானால் ஆறாவது வருடம் என்ன ஆகும் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

இடையிடையே நிறுவை

இன்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் முனைவர் பட்டத்திற்குச் சேர்பவர் பல படிகளைத் தாண்ட வேண்டும். முதலில் பதிவு. முதுகலைப் பட்டம் இருக்கிறதா, இல்லையென்றால் மிகச் சிறப்பான இளங்கலைத் தேர்ச்சியோடு சேர வழி உண்டா என்பதை அங்கேயே பார்த்துவிடுவார்கள். அடுத்து, என்ன ஆராய்ச்சி, எப்படிச் செய்வது என்று ஒரு குழுவின் முன் ஆய்வு முன்மொழிவை விளக்க வேண்டும். பிறகு தவணைதோறும் முன்னேற்ற அறிக்கை. மாணவர் எழுதுவார், மேற்பார்வையாளர் கருத்துச் சொல்வார். தொடர்ந்து திருப்தியில்லை என்று வந்தால் பதிவே ரத்தாகலாம். கடைசியில் ஆய்வேடு, உள் தேர்வாளர், வெளித் தேர்வாளர், வாய்மொழித் தேர்வு.

இதைக் கேட்டால் மாணவர்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். தோட்டத்துப் பழக்கத்தைச் சொன்னால் புரிந்துவிடும். ரப்பர் காலத்தில் காலையில் பிரட்டுக்குப் போனால் கிராணி பெயரைப் பதிவார். வெட்டி முடித்ததும் பாலை அன்றைக்கே நிறுத்து எழுதுவார்கள். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். அது அடர்த்தியை அளக்கும் மிதவைமானி, சுத்தமான இயற்பியல். தினமும் நிறுத்து எழுதியதால் மாதக் கடைசியில் "நீ வேலை செய்யவே இல்லை" என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. முன்னேற்ற அறிக்கையும் அப்படித்தான். அது மாணவரைக் கண்காணிக்கும், அதோடு மாணவருக்குச் சாட்சியாகவும் நிற்கும். 1940லேயே பதிவு நேரத்தில் யாராவது தகுதியைத் தெளிவாகச் சொல்லியிருந்தால், அன்னா மணி ஒரு முதுகலைப் பட்டத்திற்கு வழி பார்த்திருக்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். எஸ். சந்திரசேகர் 1930இல் இந்திய அரசாங்கத்தின் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போனார். மேற்பார்வையாளர் ஆர்.எச். ஃபௌலர். 1933இல் பட்டம் பெற்றார். 1983இல் நோபல் பரிசு பெற்ற அவரை உலகம் வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்புக்காக நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் ஆய்வேட்டின் பொருள் அது இல்லை; சுழலும் விண்மீன்களின் அமைப்பைப் பற்றியது. குறித்த காலத்தில் முடிக்கக்கூடிய ஒன்றை ஆய்வேடாக முடித்தார். பெரிய கேள்வியை வருடக்கணக்கில் தொடர்ந்தார். ஆய்வேடு என்பது வாழ்நாள் சாதனை இல்லை, ஆராய்ச்சி செய்யத் தெரியும் என்பதற்கான சான்று.

வகுப்பில் செய்ய

நம் மாணவர்களுக்கு முதல் தகுதி விதி முதுகலையில் வருவதில்லை. படிவம் 4இல் பாடம் தேர்ந்தெடுக்கும் அன்றே வந்துவிடுகிறது. இயற்பியலும் கூடுதல் கணிதமும் எடுக்காமல் விட்ட பிள்ளைக்குப் பின்னால் அந்தக் கதவைத் திறப்பது ரொம்பச் சிரமம். அதனால் இந்தப் பாடத்தைப் படிவம் 3இலேயே நடத்துங்கள்.

தமிழ் வகுப்பில் மூன்று வேலைகள் கொடுக்கலாம். ஒன்று, 1907 முதல் 1983 வரை இக்கட்டுரையில் வரும் ஆண்டுகளைக் காலக்கோடாக வரைதல். இரண்டு, "1945இல் பல்கலைக்கழகம் எடுத்த முடிவு சரியா?" என்று வாதம் செய்தல். விதி எல்லாருக்கும் பொது என்று வாதிடும் அணிக்கும் வலுவான கருத்துகள் கிடைக்கும். மூன்று, தனக்குப் பிடித்த துறையில் பட்டம் பெற எஸ்.பி.எம். முதல் என்னென்ன தகுதி வேண்டும் என்று கேட்டறிந்து, ஒரு பக்கத்தில் தமிழில் எழுதுதல். அதை வீட்டில் அம்மா அப்பாவிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விதி என்ன என்று வீட்டில் நாலு பேருக்கு முன்னாலேயே தெரிந்திருப்பது நல்லது.